கதை சொன்னவர் பெயர்: அலாவுதீன் விளக்கும் ஹலப் நகர இளைஞரும்

அரபு இரவுகள் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நம் மக்கள் நினைவில் முன்னிற்பவை இரண்டு கதைகள். ஒன்று அலாவுதீனும் அற்புத விளக்கும். மற்றொன்று அலிபாபாவும் நாற்பது திருடர்களும். சிறுவர் நூல்கள் வழியாகவும், மாடர்ன் தியேட்டர்ஸ் 1956இல் வெளியிட்ட அலிபாபா, 1957இலும் 1979இலும் வந்த அலாவுதீன் ஆகிய திரைப்படங்கள் வழியாகவும் இவை தமிழகத்தின் பட்டிதொட்டியெங்கும் பரவிவிட்டன. உலக மக்கள் விரும்பிச் சொல்லும் கதைகளை யார் தொகுத்தாலும் இவ்விரண்டையும் விட்டுவிட இயலாது. ஆயினும் ஆயிரத்தொரு இரவுகளின் பழைய அரபுக் கையெழுத்துப் பிரதிகள் எவற்றிலும் இவ்விரு கதைகளும் இல்லை. ஆய்வாளர் நெடுங்காலமாக அறிந்திருந்த இச்செய்தி, பொது வாசகரை இன்னும் சரிவரச் சென்றடையவில்லை.

இந்நூலைப் பற்றி நம்மிடையே இருவகை மனப்பான்மைகள் நிலவுகின்றன. இஸ்லாமிய நாகரிகம் உலகுக்கு வழங்கிய இலக்கியக் கொடை எனப் பெருமை பாராட்டுவோர் ஒருசாரார். பொழுதைக் கொல்லும் வீண்கதை, மேலை நாட்டார் நம்மைக் கொச்சைப்படுத்தப் பயன்படுத்திய கருவி என ஒதுக்குவோர் மற்றொரு சாரார். இரு சாராரும் கேட்க மறந்த எளிய வினா ஒன்றுண்டு. இக்கதைகளைச் சொன்னவர் யார்? அவ்வினாவுக்கு இன்று தெளிவான விடை கிடைத்துள்ளது. அந்த விடை, பெருமை பாராட்டுவோரையும் ஒதுக்குவோரையும் ஒருங்கே சிந்திக்க வைக்கக் கூடியது.

ஒதுக்கப்பட்ட நூல்

நூலின் தொன்மையில் ஐயமில்லை. சிக்காகோவில் பாதுகாக்கப்படும் பழங்காகிதத் துண்டு ஒன்றை நபியா அபட் அம்மையார் ஆராய்ந்து 1949இல் வெளியிட்டார். ஆயிரம் இரவுகள் என்ற நூலின் தலைப்பும் தொடக்கமும் அதில் உள்ளன. பிற்காலத்தவர் ஒருவர் அதே தாளின் வெற்றிடத்தில் எழுதிப் பழகிய வரிகளில் ஹிஜ்ரி 266, அதாவது கி.பி. 879 என்ற ஆண்டு காணப்படுகிறது. நூல் அதற்கும் முற்பட்டது என்பது இதனால் பெறப்படும். பத்தாம் நூற்றாண்டில் வரலாற்றாசிரியர் மஸ்ஊதி இந்நூலைக் குறிப்பிட்டு, ‘ஹஸார் அஃப்ஸான்’ என்ற பாரசீக நூலோடு இதனைத் தொடர்புபடுத்துகிறார்.

பக்தாது நகரின் நூலறிஞர் இப்னு நதீம், ஏறத்தாழ 987இல் தொகுத்த ‘பிஹ்ரிஸ்த்’ என்ற நூற்பட்டியலில், இதனை முழுமையாகப் பலமுறை பார்த்திருப்பதாகக் கூறுகிறார். கூறிவிட்டு, இது சுவையற்ற நூல் என்று தள்ளிவிடுகிறார். அதே இடத்தில் அவர் தரும் இன்னொரு செய்தி நம் கருத்தைக் கவர்கிறது. ஜஹ்ஷியாரி என்ற அறிஞர் அரபியர், பாரசீகர், கிரேக்கர் முதலான பல இனத்தார் கதைகளிலிருந்து ஆயிரம் கதைகளைத் தேர்ந்து ஒரு நூலாக்க விரும்பினார். கதைசொல்லிகளை வரவழைத்து, அவர்கள் அறிந்தவற்றுள் சிறந்தவற்றைக் கேட்டு எழுதினார், நூல்களிலிருந்தும் திரட்டினார். 480 இரவுகளுக்கான கதைகள் முடிந்த நிலையில் இறப்பு அவரை முந்திக்கொண்டது. உலகக் கதைகளை ஓரிடத்தில் திரட்டும் முயற்சி ஆயிரமாண்டுகளுக்கு முன்பே பக்தாதில் நடந்திருக்கிறது.

ஆயின் ஜஹ்ஷியாரி வரவழைத்த கதைசொல்லிகள் யாவர்? பிஹ்ரிஸ்தில் அவர்கள் பெயர் இல்லை. இக்குறை, அறிவிப்பாளர் வரிசையை, அதாவது இஸ்னாதை, அறியாத சமூகத்தில் நேர்ந்ததன்று. நபிமொழிக் கலைக்கு அதுவே முதுகெலும்பு. சமயத்துக்கு வெளியிலும் அம்மரபு வேரூன்றியிருந்தது. அதே நூற்றாண்டில் அபுல் ஃபரஜ் இஸ்ஃபஹானி தொகுத்த ‘கிதாபுல் அகானீ’ பாடகர், கவிஞர் பற்றிய துணுக்குச் செய்திக்கும் இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார் என்று வரிசை தருகிறது. ஒரு பாட்டின் மெட்டுக்குக் கிடைத்த மதிப்பு இரவுக் கதைக்குக் கிடைக்கவில்லை. கதை இழிந்தது என்று கருதப்பட்டது. ஆகவே சொன்னவர் பெயரும் வேண்டப்படவில்லை. பின்னாளில் பாரிஸில் நடந்ததைக் குறை கூறும் முன், இந்த அலட்சியத்தின் தொடக்கம் நம் வீட்டிலும் இருந்தது என்பதை மனத்திற் கொள்வது நேர்மை.

பாரிஸில் நடந்தது

இந்நூலை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தியவர் அந்துவான் கலான் (1646–1715) என்ற பிரெஞ்சு அறிஞர். சிரியாவிலிருந்து தமக்கு வந்த மூன்று தொகுதிக் கையெழுத்துப் பிரதியை அடிப்படையாகக் கொண்டு 1704இல் அவர் மொழிபெயர்ப்பை வெளியிடத் தொடங்கினார். 14ஆம் அல்லது 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அப்பிரதி 282ஆம் இரவோடு நின்றுவிடுகிறது. வாசகர்களோ மேலும் மேலும் கேட்டனர். கைவசமிருந்த கதைகள் தீர்ந்தன.

இந்நிலையில் 1709இல் பதிப்பகத்தார் ஒரு காரியம் செய்தனர். எட்டாம் தொகுதியில் பக்கம் நிரப்ப, பெத்தி தெ லா குருவா என்ற வேறொரு மொழிபெயர்ப்பாளரின் இரு கதைகளைக் கலானின் இசைவின்றிச் சேர்த்து அச்சிட்டுவிட்டனர். கலான் சினங்கொண்டார். அக்கதைகள் இந்நூலுக்குரியன அல்ல என்று 1712இல் வந்த ஒன்பதாம் தொகுதியின் தொடக்கத்தில் மறுப்பும் வெளியிட்டார்.

அந்த ஒன்பதாம் தொகுதி முதல் பன்னிரண்டாம் தொகுதி வரை அவரே சேர்த்த கதைகள் எங்கிருந்து வந்தன? அவருடைய நாட்குறிப்பு விடை தருகிறது. போல் லூக்கா என்ற பயணி தம்முடன் சிரியாவிலிருந்து அழைத்து வந்திருந்த ஹன்னா தியாப் என்ற இளைஞரைக் கலான் 1709 மார்ச்சில் சந்தித்தார். அன்று அந்த இளைஞருக்கு இருபது வயதளவில் இருக்கும். அலெப்போ எனப்படும் ஹலப் நகரத்தார், மாரோனியக் கிறித்தவர். அவ்வாண்டு மார்ச் இறுதி முதல் ஜூன் தொடக்கம் வரை பதினாறு கதைகளை அவர் கலானுக்குச் சொன்னார். அலாவுதீன் கதையும் அலிபாபா கதையும் மே மாதத்தில் சொல்லப்பட்டவை. இளவரசர் அகமதும் பரிபானுவும் பற்றிய கதையும் அவர் தந்ததே. விளக்கின் கதையை ஹன்னா அரபியில் எழுதியே கொடுத்தார் என்பதும் நாட்குறிப்பால் தெரிகிறது. அந்த எழுத்துப் படி இதுவரை கிடைக்கவில்லை. பதினாறில் பத்தளவான கதைகள் விரிவாக்கப்பட்டுக் கடைசி நான்கு தொகுதிகளில் இடம்பெற்றன. இறுதி இரு தொகுதிகள் கலான் மறைந்த பின் 1717இல் வெளிவந்தன.

அச்சேறிய பன்னிரண்டு தொகுதிகளில் எங்கும் ஹன்னாவின் பெயர் இல்லை. பிறர் கதை தம் நூலில் கலந்ததைப் பொறாது மறுப்பு எழுதிய அதே தொகுதியிலேயே, தாம் செவிவழிக் கேட்ட கதைகளை ஆயிரத்தொரு இரவுகளின் பகுதியாகவே கலான் அச்சேற்றுகிறார். இம்முரண்பாட்டை நாம் கடந்து செல்ல இயலாது.

கலானுக்குரிய நீதியையும் வழங்கத்தான் வேண்டும். நாட்குறிப்பில் சில பக்கங்களாக மட்டுமே உள்ள அலிபாபா கதையை நீண்ட கதையாக வளர்த்தெடுத்தது அவருடைய எழுத்தாற்றல். தம் குறிப்பேட்டில் நாள்தோறும் உண்மையை எழுதி வைத்தவரும் அவரே. அது இல்லாதிருந்தால் ஹன்னா என்ற பெயரே நமக்குக் கிடைத்திராது. பெயர் தெரிந்தும் வாசகர் கைக்குச் செல்லும் ஏட்டில் அதனைச் சேர்க்காமல் விட்டார் என்பதே நாம் காட்டும் குறை.

ஏடு தேடிய ஆய்வு

பின்வந்த நூற்றாண்டுகள் இக்குறையைத் திருத்தவில்லை. அலாவுதீனுக்கு அரபு மூலம் எங்கோ இருக்க வேண்டும் என்று ஆய்வுலகம் தேடியது. தேடியது கிடைக்கவும் செய்தது. 1780களில் பாரிஸில் வாழ்ந்த சிரியப் பாதிரியார் ஷாவிஷ் ஓர் அரபுப் படியைத் தந்தார். பின்னர் மிகாயீல் ஸப்பாக் என்பவர், பக்தாதுப் பிரதியொன்றைப் பார்த்து எழுதியதாக மற்றொன்றைத் தந்தார். ஸோட்டன்பர்க் அதனை நம்பி 1888இல் பதிப்பித்தார். ஆக்ஸ்ஃபோர்டு நூலகத்தில் கிடைத்த அலிபாபா அரபுப் பிரதியை மெக்டொனால்டு 1910இல் வெளியிட்டார்.

ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் முஹ்ஸின் மஹ்தி 1984இல் பழைய சிரியப் பிரதியின் செம்பதிப்பை லெய்டனில் வெளியிட்டார். 1994இல் வந்த அதன் மூன்றாம் தொகுதியில் இந்த ‘மூலங்கள்’ அனைத்தையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார். இரு அலாவுதீன் படிகளும் கலானின் பிரெஞ்சிலிருந்து திரும்ப அரபியாக்கப்பட்டவை. அலிபாபா படியோ எகிப்தில் வாழ்ந்த வார்ஸி என்ற பிரெஞ்சு வணிகர் எழுதியது என அவர் நிறுவினார். ஏட்டில் இருந்தால்தான் கதை மெய். வாயால் சொல்லப்பட்டால் அது மூலமாகாது என்ற எண்ணம் அறிஞர் பலரை இத்தனை காலம் ஏமாற்றியிருக்கிறது. கதையின் வாயிலாக நின்ற ஒரு மனிதரை நாட்குறிப்பு சுட்டிக்காட்டியிருந்தும், இல்லாத ஏட்டைத் தேடிக்கொண்டிருந்தனர்.

ஹலப் முதியவரின் நூல்

இவ்வரலாற்றில் எதிர்பாராத திருப்பம் 1993இல் நிகழ்ந்தது. வத்திக்கான் நூலகத்தில் முதல் சில தாள்களும் ஆசிரியர் பெயரும் அற்றிருந்த அரபுப் பயண நூலொன்று, ஹன்னா தியாப் தம் முதுமையில், 1764இல் எழுதி முடித்தது என்பதை ஜெரோம் லெந்தன் கண்டறிந்தார். 2015இல் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும், 2017இல் அரபுப் பதிப்பும், 2021இல் அரபு மூலத்தோடு எலியாஸ் முஹன்னாவின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்தன. அலாவுதீன் கதையை இனி இந்நூலின் துணையின்றித் திறனாய்வது முழுமையாகாது.

ஹலபுப் பேச்சு வழக்கு கலந்த அரபியில் எழுதப்பட்ட இந்நூலில் ஹன்னா தேர்ந்த கதைசொல்லியாகவே வெளிப்படுகிறார். லூக்கா தமக்கு அரச நூலகத்தில் பணி வாங்கித் தருவதாக வாக்களித்து அழைத்துச் சென்றதையும், 1709ஆம் ஆண்டின் கொடுங்குளிரில் பாரிஸ் மக்கள் மடிந்ததையும், வெர்சாய் அரண்மனையில் பதினான்காம் லூயி மன்னர் முன் தாம் நிறுத்தப்பட்டதையும் ஒரு வெளியூரானின் கூர்ந்த கண்ணோடு விவரிக்கிறார். வாக்களித்த பணி கைகூடவில்லை. 1710இல் ஊர் திரும்பித் துணி வணிகத்தில் ஈடுபட்டார்.

நூலின் முற்பகுதியில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. சிரியாவின் இடிபாடுகளிடையே ஒரு கல்லறைக் குகையைக் கண்ட லூக்கா, உள்ளே இறங்குமாறு ஓர் ஆட்டிடையனுக்குக் காசு கொடுக்கிறார். இறங்கியவன் ஒரு மோதிரத்தையும் ஒரு விளக்கையும் எடுத்து வருகிறான். அயலூரிலிருந்து வந்த மந்திரவாதி, ஏழைத் தையற்காரரின் மகனிடம் உறவு கொண்டாடி, மோதிரம் தந்து, விளக்கை எடுத்து வரக் குகைக்குள் இறக்கும் கதை நமக்கு நினைவு வராமலிராது. ஆயினும் வாழ்க்கை நிகழ்ச்சியே கதையாயிற்று என்று முடிவு கட்டுவது அவசரம். நிகழ்ச்சி நடந்து அரை நூற்றாண்டு கழித்து எழுதப்பட்ட நூல் இது. தாம் பலமுறை சொன்ன கதையே அவர் நினைவுக்கு வடிவம் கொடுத்திருக்கவும் கூடும். நாம் உறுதியாகச் சொல்லக் கூடியது ஒன்றே. பெரிய மனிதரின் வாக்கை நம்பி இருட்டுக்குள் இறங்கும் ஏழை இளைஞனின் அச்சத்தையும், மன்னரின் மாளிகையைக் கண்டு மலைத்து நிற்கும் அவன் வியப்பையும் தம் வாழ்விலேயே அறிந்தவர் ஒருவர் இக்கதையைச் சொல்லியிருக்கிறார். கதை சீனத்தில் நடப்பதாகச் சொல்லப்படினும் அதன் உயிர்ப்பு இவ்வனுபவத்தோடு ஒத்திசைகிறது. கீழை நாட்டைப் பற்றிய பிரெஞ்சுக்காரர் ஒருவரின் கற்பனை என்று மட்டும் இதனைப் படித்து வந்தோர் தம் வாசிப்பைத் திருத்திக்கொள்ள வேண்டியவராகின்றனர்.

கலானைப் பற்றி அந்நூலில் சில வரிகளே உள்ளன. அரபு நூல்களை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவருக்குக் கதைகள் குறைந்தன, தாம் அறிந்தவற்றைச் சொன்னார், முதியவர் மகிழ்ந்தார். முதியவரின் பெயரை ஹன்னாவும் சொல்லவில்லை. தம்மை ஓர் ஆசிரியராக அவர் கருதியதாகவும் தெரியவில்லை. கதை என்பது கேட்டதைச் சொல்வது. அதற்கு உரிமை பாராட்டுவது அவர் அறிந்த பண்பாட்டில் இல்லை.

பொதுச்சொத்தும் நன்றிக்கடனும்

இங்கே ஒரு தடை எழும். சொன்னவரே உரிமை கோராதபோது நாம் ஏன் அவர் பெயரை வலியுறுத்த வேண்டும்? நாட்டார் கதை யாருடையதும் அன்றே! இத்தடையில் உண்மையுண்டு. மலை வாய்திறக்கும் கதை பிற நாடுகளிலும் வழங்குகிறது. கிரிம் சகோதரர்கள் 1815இல் வெளியிட்ட தொகுதியில் ‘சிமெலிமலை’ என்ற பெயரில் அதனையொத்த ஜெர்மானியக் கதை காணப்படுகிறது. கதைக் கூறுகள் பொதுவானவையே. ஆயினும் ஒரு கதை குறிப்பிட்ட ஒருவர் வாயில் குறிப்பிட்ட வடிவம் பெறுகிறது. உரிமை வேறு, நன்றி வேறு. சொன்னவர் கேட்காவிட்டாலும், பயன்பெற்றவர் மீது நன்றிக்கடன் நிற்கவே செய்கிறது.

பெயரைக் குறிப்பிட்டால் மட்டும் போதும் என்றும் சொல்வதற்கில்லை. அதே கிரிம் சகோதரர்கள் தமக்குக் கதை சொன்ன டொரதேயா ஃபீமன் அம்மையாரைப் பெயர் சுட்டிப் போற்றினர். 1819 பதிப்பில் அவர் உருவப்படத்தையும் சேர்த்தனர். ஆனால் அவரை மண்மணம் மாறாத ஜெர்மானியக் குடியானவப் பெண்ணாகவே சித்திரித்தனர். உண்மையில் அவர் தையற்காரரின் மனைவி. பிரான்சிலிருந்து குடிபெயர்ந்த புராட்டஸ்டண்டு மரபில் வந்தவர். தமக்கு வேண்டிய உருவில் ஒருவரைப் போற்றுவதும் ஒருவகை மறைப்பே.

இவ்வெச்சரிக்கை நமக்கும் பொருந்தும். இஸ்லாமிய இலக்கியத்தின் பெருமை என்று நாம் காட்டும் அலாவுதீனைச் சொன்னவர் ஓர் அரபுக் கிறித்தவர் என்பதை அறிந்ததும் சிலருக்குச் சோர்வு தோன்றலாம், அதற்கு இடமில்லை. ஹலபின் கடைவீதியிலும் காஃபி இல்லங்களிலும் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் யூதர்களும் ஒரே மொழியில் பேசி, ஒரே கதைகளைக் கேட்டு வாழ்ந்தனர். அந்தக் கூட்டு வாழ்வின் விளைச்சலே இக்கதை. அதனை மறைத்துவிட்டுப் பெருமை கொள்வதைவிட, அதனைச் சொல்லிப் பெருமை கொள்வதே நம் வரலாற்றுக்கு ஏற்றது.

நம் பக்கத்துக் கடமை

இக்கதைகள் தமிழுக்கு வந்த வழியும் ஆராயத்தக்கது. குகையைத் திறக்கும் சொல் தமிழில் ‘சீசேம்’ என்றே வழங்குகிறது. அது மந்திரச் சொல் அன்று. எள் என்பதே அதன் பொருள். அரபியில் ‘சிம்சிம்’ என்பர். இந்தியிலும் அவ்வாறே வழங்குகிறது. குகைக்குள் சிக்கிய காசிம், எள்ளை மறந்து பார்லி முதலிய வேறு தானியங்களின் பெயரைச் சொல்லித் தவிப்பதன் நயம் இதை அறிந்தால்தான் விளங்கும். தமிழ் வடிவம் ஆங்கில ஒலியைக் காட்டி நிற்கிறது. பல நூற்றாண்டுகளாக அரபியோடு நேரடித் தொடர்பு கொண்டு, அரபுத் தமிழில் நூல்கள் இயற்றிய சமுதாயத்தின் நாட்டுக்கே இக்கதை ஆங்கிலத்தின் வழி வந்து சேர்ந்தது என்பதற்கு இந்த ஒரு சொல்லே சான்று.

கதை தந்தவரை நினைவில் வைக்கும் மரபு நமக்குப் புதிதன்று. சீறாப்புராணத்தை இயற்றிய உமறுப்புலவர், தம்மை ஆதரித்த வள்ளல் அபுல் காசிம் மரைக்காயரைக் காவியத்தினுள் பல இடங்களில் நன்றியோடு குறிப்பிடுகிறார். காவியத்துக்குரிய அரபு வரலாற்றுச் செய்திகளைப் பரங்கிப்பேட்டையில் லெப்பை அலி ஹாஜியாரிடம் புலவர் பெற்றார் என்ற செய்தியையும் நம் முன்னோர் வழிவழியாகக் காத்து வந்துள்ளனர். காவியத்துக்கு நாம் காட்டிய அக்கறை அது.

ஏட்டில் ஏறாத கதைகளுக்கும் அதே அக்கறை தேவை. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் மூதாட்டியர் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவரும் ஜின்களின் கதைகள், கப்பல் கதைகள், கிஸ்ஸாக்கள் ஆகியன ஒரு தலைமுறைக்குள் மறைந்துவிடக் கூடியவை. அவற்றை எழுதி வைப்போர் கதையை மட்டும் எழுதினால் போதாது. சொன்னவர் பெயர், அவர் யாரிடம் கேட்டார், எந்த ஊரில், எந்த ஆண்டில் என்ற நான்கினையும் அவரது இசைவோடு உடன் எழுத வேண்டும். அவர் சொன்ன சொற்களைத் திருத்தாமல் எழுத வேண்டும். கதை மெய்யா பொய்யா என்ற விசாரணைக்காக அன்று. சொன்னவருக்குச் செய்யும் நீதிக்காக.

ஹன்னா தியாபுக்கு அந்நீதி கிடைக்க முந்நூறு ஆண்டுகள் ஆயின. 2021இல் வெளிவந்த விளக்கக் குறிப்புகளுடன் கூடிய ஆங்கிலப் பதிப்பொன்று அவர் சொன்ன கதைகளை அவர் பெயராலேயே சேர்த்துள்ளது. தமிழில் இனி அலாவுதீனையோ அலிபாபாவையோ சிறுவருக்காகப் பதிப்பிப்போர், முதற்பக்கத்தில் ‘ஹலப் நகரத்து ஹன்னா தியாப் 1709இல் பாரிஸில் சொன்ன கதை’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.